மின் விநியோகத்தை விற்றால் நட்டம் எங்கே போகிறது? ஒடிசா, டெல்லி கணக்கு

ஒன்றியப் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாருக்குத் தரப்படும் என்று 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. அன்று தொடங்கிய சர்ச்சை புதுச்சேரியில் இன்னும் ஓயவில்லை. 2022 செப்டம்பர் இறுதியில் டெண்டர் வெளியானதும் மின் துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், டோரண்ட் குழுமத்தின் கைக்குப் போயிருந்தன. சண்டிகர் 2025 பிப்ரவரி 1 அன்று கைமாறியது. உத்தரப் பிரதேசத்தில் பூர்வாஞ்சல், தட்சிணாஞ்சல் ஆகிய இரண்டு விநியோக நிறுவனங்களைத் தனியாருக்குத் தரும் முயற்சி 2024 நவம்பர் முதல் போராட்டத்தில் சிக்கியிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் இரண்டு உதாரணங்கள் மேடைக்கு வரும். ஆதரிப்பவர்கள் டெல்லியைக் காட்டுவார்கள்: பாதி மின்சாரம் காணாமல் போன நகரத்தில் இன்று இழப்பு ஒற்றை இலக்கம். எதிர்ப்பவர்கள் ஒடிசாவைக் காட்டுவார்கள்: விற்றார்கள், வாங்கியவர்களில் ஒருவர் இரண்டே ஆண்டில் ஓடிப்போனார், மற்றவரின் உரிமம் பறிக்கப்பட்டது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. இரண்டு விற்பனைக்கும் இடையே மூன்றே ஆண்டு இடைவெளி. இரண்டு இடத்திலும் 51 சதவீதப் பங்குதான் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் மும்பையின் தனியார் மின் நிறுவனமான பி.எஸ்.இ.எஸ். இரண்டு இடத்திலும் இருந்தது. அப்படியானால் விளைவு ஏன் வேறானது? உடைமை மாறியதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பழைய நட்டத்தை விற்பனை ஆவணங்கள் யார் பெயரில் எழுதின என்று பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

விற்கப்படுவது எது?

பழைய மின்வாரியம் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்தது: உற்பத்தி, உயரழுத்தக் கம்பிகளில் கடத்துதல், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து பில் போட்டு வசூலித்தல். மூன்றையும் முதலில் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிப்பார்கள். விற்பனைக்கு வருவது மூன்றாவது துண்டு, அதாவது விநியோகம்.

விநியோகத்தில் போட்டி கிடையாது. ஒரே தெருவில் இரண்டு நிறுவனம் கம்பி இழுப்பது வீண்செலவு என்பதால் ஒரு பகுதிக்கு ஒருவருக்கே உரிமம் தருவது வழக்கம். மும்பை போன்ற விதிவிலக்குகள் மிகச் சில. சேவை பிடிக்காவிட்டால் நுகர்வோர் வேறு கடைக்குப் போக முடியாது. அதனால் விலையை நிறுவனமோ சந்தையோ தீர்மானிப்பதில்லை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. நிறுவனத்தின் நியாயமான செலவு எவ்வளவு, முதலீட்டுக்கு எவ்வளவு லாபம் தரலாம், எவ்வளவு மின் இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்று கணக்கிட்டு ஆணையம் கட்டணத்தை அறிவிக்கும். தொலைபேசித் துறையில் தனியார் வந்ததும் கட்டணம் சரிந்தது போல இங்கும் சரியும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அங்கே விலையை இறக்கியது போட்டி.

இழப்பு என்றால் எந்த இழப்பு?

இந்தத் துறையின் முக்கிய எண் ஏ.டி. அண்ட் சி. இழப்பு, அதாவது தொழில்நுட்ப இழப்பும் வணிக இழப்பும் சேர்ந்த மொத்தம். வாங்கிய மின்சாரத்தில் எத்தனை பங்குக்குப் பணம் கைக்கு வரவில்லை என்பதை அது சொல்கிறது.

ஒரு நிறுவனம் 100 யூனிட் வாங்குகிறது. 70 யூனிட்டுக்கு மட்டும் பில் போடுகிறது. போட்ட பில்லில் 90 சதவீதம் வசூலாகிறது. 70-ல் 90 சதவீதம் 63. ஆக இழப்பு 37 சதவீதம். (30-ஐயும் 10-ஐயும் கூட்டி 40 என்று எழுதுவது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் பிழை.)

இந்த 37-க்குள் இரண்டு வகை கலந்திருக்கிறது. கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் வெப்பமாகப் போவது தொழில்நுட்ப இழப்பு. நன்றாகப் பராமரிக்கப்படும் நகரத்தில் இது பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மீதி எல்லாம் மனிதர் வேலை: கொக்கி போடுவது, மீட்டரைச் சுற்றிக் கம்பி இழுப்பது, ஓடாத மீட்டருக்குச் சராசரி பில் போடுவது, பில்லே போடாமல் விடுவது, போட்ட பில்லை வசூலிக்காமல் விடுவது.

இந்த எண் தப்பானால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 300 கோடி யூனிட் வாங்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இழப்பு 40 சதவீதம் என்று நம்பி ஒருவர் வாங்குகிறார், உண்மையில் 50. யூனிட் 3 ரூபாய் என்றால், 10 சதவீதத்தின் மதிப்பு ஆண்டுக்கு 90 கோடி ரூபாய். ஒடிசாவின் நான்கு நிறுவனங்களிலும் 51 சதவீதப் பங்குக்குக் கிடைத்த மொத்த விலையே 159 கோடி ரூபாய்தான் என்பதோடு சேர்த்து இதைப் பாருங்கள்.

ஒடிசா: தொடங்கும்போதே சாய்ந்த கணக்கு

இந்தியாவில் மின்வாரியத்தை முதலில் உடைத்த மாநிலம் ஒடிசா. 1995-ல் சீர்திருத்தச் சட்டம், 1996-ல் நாட்டின் முதல் மாநில ஒழுங்குமுறை ஆணையம், உலக வங்கியின் 35 கோடி டாலர் கடன் என்று வரிசையாக வந்தன. மேற்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளின் விநியோக நிறுவனங்களான வெஸ்கோ, நெஸ்கோ, சவுத்கோ மூன்றையும் 1999 ஏப்ரலில் பி.எஸ்.இ.எஸ். வாங்கியது. புவனேஸ்வர், கட்டாக், பூரி உள்ளிட்ட மத்தியப் பகுதியின் செஸ்கோவை அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஏ.இ.எஸ். வாங்கியது. 51 தனியாருக்கு, மீதி 49 அரசின் கிரிட்கோவுக்கும் ஊழியர் அறக்கட்டளைக்கும்.

பிறகு நடந்தவற்றுக்குக் காரணங்கள் இவை:

1. இழப்பின் தொடக்க எண் தவறு. சீர்திருத்தத் திட்டம் ஏறக்குறைய 40 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறையும் என்று எழுதப்பட்டது. அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 50. அதுவரை அளக்காததுதான் பிரச்சினையின் வேர். பாதி மீட்டர்கள் ஓடாத இடத்தில் எழுதப்படும் எந்த எண்ணும் ஊகம்தான். ஒழுங்குமுறை ஆணையமோ கட்டணத்தைக் காகிதத்தில் இருந்த குறைந்த இழப்பை வைத்துக் கணக்கிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொகை ஒவ்வொரு மாதமும் நிறுவனத்தின் பையிலிருந்து போனது.

2. சொத்து மறுமதிப்பீடு. 1996 ஏப்ரல் 1 கணக்கில் பழைய வாரியத்தின் சொத்து மதிப்பு சுமார் 1,194 கோடி ரூபாய் உயர்த்தி எழுதப்பட்டது. புதிதாக ஒரு கம்பம்கூட நடவில்லை. அரசு வாரியத்துக்குத் தரவேண்டிய மானியப் பாக்கி இந்த உயர்வில் கழிக்கப்பட்டது. அரசின் கடன் பேனாவால் தீர்ந்தது. ஆனால் உயர்ந்த மதிப்புக்கான தேய்மானம் அதன்பின் மின்கட்டணத்தில் ஏறியது. ஒடிசா விற்பனையில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட, மிகவும் தீங்கு செய்த முடிவு இது என்பேன்.

3. மானியம் ஒரே அடியாக நின்றது. கட்டணம் செலவைத் தொடும் வரை சில ஆண்டுகள் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை.

4. வசூல் கணக்கின் பூட்டு. விநியோக நிறுவனம் வசூலிக்கும் பணம் முதலில் ஒரு காப்புக் கணக்குக்குப் போகும். மின்சாரம் விற்கும் கிரிட்கோவுக்கு அதில் முதல் உரிமை. கிரிட்கோவின் பக்கத்தில் நியாயம்தான். ஆனால் வருமானம் முழுவதும் பிணையாகிவிட்டதால் மீட்டர் வாங்கவும் கம்பி மாற்றவும் வங்கியில் கடன் வாங்க வழியில்லை. சம்பளத்துக்கே இழுபறி. இழப்பைக் குறைக்க முதலீடு வேண்டும். இழப்பு குறையாமல் முதலீடு வராது.

5. புயல். 1999 அக்டோபர் 29 அன்று பெரும்புயல் கரையேறியது. ஏ.இ.எஸ். பொறுப்பேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புயல் கடுமையாகத் தாக்கிய ஜகத்சிங்பூர், கேந்திரபாடா கடலோரம் அவர்களின் பகுதி. கம்பங்கள் விழுந்த சேதம் யார் செலவு என்பதில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துவரவில்லை.

ஏ.இ.எஸ். 2001-ல் நிர்வாகத்தை விட்டு வெளியேறியது. என்ன தவறு நடந்தது என்று பார்க்க அதே ஆண்டு கனுங்கோ குழுவை மாநில அரசு அமைத்தது. செஸ்கோ ஆணையத்தின் மேற்பார்வையில் பல ஆண்டு ஓடியது. மற்ற மூன்றும் பி.எஸ்.இ.எஸ். வழியாக 2003-ல் ரிலையன்ஸ் கைக்குப் போயின. முதலீடு வரவில்லை, கிரிட்கோவுக்குப் பாக்கி ஏறியது, 2015 மார்ச்சில் ஆணையம் மூன்று உரிமங்களையும் ரத்து செய்தது. பதினாறு ஆண்டுகள் வீண். இதில் வாங்கியவரின் பங்கும் சிறிதல்ல: தொடக்கக் கணக்கு தப்பு என்பது முதல் சில ஆண்டுகளை விளக்கும், பதினாறு ஆண்டுகளை விளக்காது.

டெல்லி: விலைக்குப் பதில் இழப்பை ஏலம் விட்டார்கள்

2002 ஜூலை 1 அன்று டெல்லி வித்யுத் வாரியம் ஆறு நிறுவனங்களாகப் பிரிந்தது. மூன்று விநியோக நிறுவனங்களில் வடக்கு, வடமேற்குப் பகுதி டாடா பவருக்குப் போனது. மற்ற இரண்டும் பி.எஸ்.இ.எஸ்.-க்கு. ஒடிசாவைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் எழுதியவர்கள் நான்கு விஷயங்களை மாற்றினார்கள்.

முதலாவது, யார் அதிக விலை தருவார் என்று கேட்கவில்லை. ஐந்து ஆண்டில் இழப்பை எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டார்கள். தொடக்க இழப்பை ஒளிக்காமல் உயரத்திலேயே வைத்தார்கள்: டாடாவின் பகுதிக்கும் தென்மேற்குக்கும் 48.1 சதவீதம், யமுனை தாண்டிய கிழக்குப் பகுதியைச் சேர்த்த நிறுவனத்துக்கு 57.2 சதவீதம். டாடாவின் இலக்கு 2006-07-க்குள் 31.1. இலக்கைத் தொட்டால் மூலதனத்துக்கு 16 சதவீத லாபம் உறுதி. தவறினால் வித்தியாசம் நிறுவனத்தின் பையிலிருந்து. இலக்கைத் தாண்டினால் கிடைக்கும் ஆதாயத்தில் நுகர்வோருக்கும் பங்கு.

இரண்டாவது, பழைய கடனை எல்லாம் அரசின் ஒரு தாய் நிறுவனத்தில் வைத்துக்கொண்டு, விநியோக நிறுவனங்களுக்குச் சுத்தமான கணக்கைக் கொடுத்தார்கள். சொத்து மதிப்பையும் அது ஈட்டக்கூடிய வருமானத்தை வைத்துத்தான் போட்டார்கள். ஒடிசாவின் இரண்டாவது தவறுக்கு இது நேர் எதிர்.

மூன்றாவது, இடைக்காலப் பணம். இழப்பு குறையும் வரை அரசின் மின்கடத்தல் நிறுவனமான டிரான்ஸ்கோ மின்சாரத்தை வாங்கிய விலைக்கும் குறைவாக விநியோக நிறுவனங்களுக்கு விற்றது. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஐந்து ஆண்டுக்கு 3,450 கோடி ரூபாய் கடனாக டெல்லி அரசு ஒதுக்கியது. தனியார்மயம் அரசின் செலவை அன்றே நிறுத்திவிடும் என்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

நான்காவது, ஊழியர். அரசு, வாரியம், சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் கையெழுத்திட்டு, பணி நிபந்தனைகள் காக்கப்பட்டன. ஓய்வூதியத்துக்குத் தனி அறக்கட்டளை வந்தது.

குறையும் உண்டு. கடைசியில் விலைப்புள்ளி கொடுத்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் சொன்ன இழப்புக் குறைப்பு அரசு வைத்த குறைந்தபட்சத்தைக்கூட எட்டவில்லை, பேசித்தான் முடித்தார்கள். இரண்டு பேர் வந்த ஏலத்தில் அரசுக்கு என்ன பேர பலம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இழப்பு தெருவில் எப்படிக் குறைந்தது

செய்த வேலைகளில் மர்மம் ஏதும் இல்லை.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு மீட்டர் வைப்பது முதல் படி. அந்த மீட்டரில் 10,000 யூனிட் போயிருக்கிறது. அதன் கீழுள்ள வீட்டு மீட்டர்கள் எல்லாம் சேர்த்து 6,000 காட்டுகின்றன என்றால், 4,000 எந்தத் தெருவில் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. நகரம் முழுக்கச் சோதனை போட வேண்டாம், அந்தத் தெருவுக்குப் போனால் போதும்.

அடுத்தது வட்டு சுழலும் பழைய மீட்டர்களை எடுத்துவிட்டு மின்னணு மீட்டர் பொருத்துவது. பழைய மீட்டரில் அச்சு தேயத் தேய வட்டு மெதுவாகச் சுற்றும். திருடாதவருக்கும் பில் குறைவாகத்தான் வரும். புதிய மீட்டர் வந்ததும் அவர்களுக்கும் பில் எகிறியது. "மீட்டர் வேகமாக ஓடுகிறது" என்று டெல்லி கொதித்தது. 2005-ல் கட்டண உயர்வுக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்பை அரசு மானியம் கொடுத்துத்தான் தணித்தது.

மூன்றாவது, கம்பி. தாழ்வழுத்தத் திறந்த கம்பியில் கொக்கி போடுவது எளிது. காப்புறை போட்டு முறுக்கிய கேபிளில் முடியாது. இன்னும் கெட்டியான வழி, 11,000 வோல்ட் கம்பியைத் தெரு வரை கொண்டுவந்து சில வீடுகளுக்கு ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது. திருட்டுச் சுமை ஏறினால் எரியப்போவது அந்தச் சில வீடுகளின் டிரான்ஸ்ஃபார்மர்தான். அக்கம்பக்கத்தாரே காவல் காப்பார்கள்.

இதற்குப் பின்னால் சட்டமும் வேண்டும். 2003 மின்சாரச் சட்டம் தன் 135-வது பிரிவில் மின்திருட்டுக்குத் தண்டனை விதித்து, சிறப்பு நீதிமன்றங்களுக்கும் வழி செய்தது. சோதனைக்குப் போகும் குழுவோடு போலீஸ் போக வேண்டும். அனுப்புவது மாநில அரசு. அரசுக்கு மனமில்லாத இடத்தில் எந்த முதலாளியும் ஒன்றும் செய்ய முடியாது. அரசு மனம் வைத்தால் விற்காமலேயே நடக்கும் என்பதற்குக் குஜராத் சாட்சி: 2003-க்குப் பின் அங்கே அரசு நிறுவனங்களே விவசாய ஃபீடரை (துணைமின் நிலையத்திலிருந்து வயல்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பித்தடத்தை) தனியாகப் பிரித்து, திருட்டைப் பிடித்து, கணக்கை நிமிர்த்தின.

டெல்லியின் தீராத பாக்கி

இழப்பு குறைந்தது உண்மை. ஆனால் கட்டணத்தில் வசூலிக்காத பணம் வேறொரு இடத்தில் சேர்ந்துகொண்டே போனது. அதற்கு ஒழுங்குமுறைச் சொத்து என்று பெயர்.

நிறுவனத்துக்கு இந்த ஆண்டு நியாயமான செலவு 1,000 கோடி என்று ஆணையம் ஒப்புக்கொள்கிறது. கட்டணத்தை முழுதாக ஏற்றினால் மக்கள் கொதிப்பார்கள் என்று 800 கோடிக்கான கட்டணத்தை மட்டும் அறிவிக்கிறது. மீதி 200 கோடியைப் பிற்பாடு வசூலித்துக்கொள் என்று எழுதி வைக்கிறது. நிறுவனத்தின் ஏட்டில் அது வரவேண்டிய பணம். நுகர்வோர் தலையில் கடன். வட்டியும் உண்டு. 12 சதவீத வட்டியில் ஆறு ஆண்டு விட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

டெல்லியில் மின் கொள்முதல் விலை ஏறியபோது கட்டணம் கூடவே ஏறவில்லை. 2010-ல் புதிய கட்டண ஆணை வெளியாகும் தறுவாயில் அதை நிறுத்திவைக்கச் சொன்னது மாநில அரசு. 2012 முதல் பில்லில் 8 சதவீதக் கூடுதல் கட்டணம் போட்டு வசூலித்தும் பள்ளம் நிரம்பவில்லை. 2024 மார்ச் இறுதியில் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 27,200 கோடி ரூபாய். டெல்லியின் இணைப்புகள் ஏறக்குறைய 70 லட்சம். ஓர் இணைப்புக்கு 40,000 ரூபாயை ஒட்டி வருகிறது. காலக்கெடு வைத்து இதைத் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2019 முதல் 200 யூனிட் வரை இலவசம் என்பதால் பல வீடுகளுக்கு இது உறைப்பதில்லை. அந்தப் பில்லையும் அரசுதான் கட்டுகிறது. ஓய்வூதிய அறக்கட்டளைக்குப் பணம் போதாமல் அதற்கும் தனியாக ஒரு கூடுதல் கட்டணம் பில்லில் ஏறியது. 2021-ல் 7 சதவீதம். விற்பனை ஆவணத்தில் ஒரு பத்தியாக இருந்த ஓய்வூதியப் பொறுப்பு இருபது ஆண்டு கழித்துப் பில்லில் கட்டணமாக வந்து நிற்கிறது.

கணக்கைத் தணிக்கை செய்ய இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை (சி.ஏ.ஜி.) டெல்லி அரசு 2014-ல் அழைத்தது. 49 சதவீதம் அரசின் பங்காக இருந்தும், 2015-ல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தணிக்கை உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் பின்னால் வாங்குவது கடினம்.

ஒழுங்குமுறைச் சொத்து தனியாருக்கே உரிய நோய் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு நிறுவனமே விநியோகிக்கும் தமிழ்நாட்டிலும் இது பல்லாயிரம் கோடி.

ஒடிசாவின் இரண்டாம் முறை

2020 ஜூன் முதல் 2021 ஏப்ரலுக்குள் ஒடிசாவின் நான்கு பகுதிகளையும் டாடா பவர் எடுத்துக்கொண்டது. மறுபடியும் 51 சதவீதம். இந்த முறை இழப்புக் குறைப்பு அட்டவணை, முதலீட்டுத் தொகை, பழைய பாக்கியில் எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்பவை ஆணையத்தின் உத்தரவிலேயே எழுதப்பட்டன. பழைய கடன்கள் பழைய நிறுவனத்தோடு நின்றன. இதே விதிகளை 1999-லேயே எழுதியிருக்கலாம்.

புதுச்சேரி, சண்டிகர், தமிழ்நாடு

டெல்லியில் 2002-ல் விற்றது பாதி ஓட்டையான அமைப்பை. சண்டிகரில் விற்றது ஏற்கெனவே ஒழுங்காக ஓடிய அமைப்பை. அதனால்தான் 175 கோடி அடிப்படை விலைக்கு 871 கோடி ரூபாய் கேட்பு வந்தது. அங்கே இழப்பைக் குறைத்துச் சம்பாதிக்க இடம் குறைவு. வாங்குபவர் போட்ட பணம் புதிய முதலீட்டின் மீதான லாபம் வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். துணைமின் நிலையம், கேபிள், ஸ்மார்ட் மீட்டர் என்று எவ்வளவு செலவு செய்கிறாரோ அவ்வளவு லாபம் கட்டணத்தில் ஏறும். தேவையில்லாத முதலீட்டை வெட்டுவதற்கு ஆணையத்தில் ஆள் இருக்கிறார்களா என்பதே அங்கே கேள்வி. புதுச்சேரியும் டெல்லியை விட சண்டிகர் பக்கம்தான் நெருக்கம்.

டெண்டர் ஆவணம் கைக்குக் கிடைத்தால் பார்க்க வேண்டியவை:

1. தொடக்க இழப்பு எண் அளந்ததா, மதிப்பிட்டதா? டிரான்ஸ்ஃபார்மர் மீட்டர்கள் எத்தனை சதவீதம் ஓடுகின்றன?
2. கம்பி, கம்பம், துணைமின் நிலையம் என்ன மதிப்பில் மாறுகின்றன? நிலம் விற்பனையா, உரிமத்தோடு திரும்பும் குத்தகையா?
3. மாறும் நாளுக்கு முந்தைய பாக்கியும் கடனும் யாருடையவை?
4. ஓய்வூதிய நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, பற்றாக்குறை யார் தலையில்?
5. புயல் சேதச் செலவு யாருடையது? கடலோர ஊருக்கு இந்தக் கேள்வி கட்டாயம்.
6. இலவச மின்சாரத்துக்கான மானியம் முன்கூட்டியே வருமா, பில் போட்ட பின் வருமா?

தமிழ்நாட்டுக்கு முதல் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. இங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனையும் ஓடும் நேரத்தையும் வைத்து மொத்தப் பயன்பாடு மதிப்பிடப்படுகிறது. அந்த மதிப்பீட்டைச் சற்று உயர்த்தினால் இழப்பு குறைவாகத் தெரியும். தாழ்த்தினால் கூடத் தெரியும். அரசே வைத்துக்கொண்டாலும் வேறு யாருக்குக் கொடுத்தாலும், விவசாய ஃபீடர்களைப் பிரித்து டிரான்ஸ்ஃபார்மர் அளவிலாவது மீட்டர் வைக்கும் வரை இந்த மாநிலத்தின் உண்மையான இழப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.